தேற்றம் தந்தார், வகுப்பறை திறந்தார்: கணிதமேதை சேஷாத்ரியை நினைவுகூரும் சகாக்கள்

புதுதில்லி: கணிதமேதை சி.எஸ். சேஷாத்ரி 2020-ம் ஆண்டு ஜூலை 17-ம் தேதி சென்னையில் தமது 88-ம் வயதில் காலமானார். அது கரோனா பொது முடக்கக் காலம். மாணவர்களும் சகாக்களும் ஓரிடத்தில் கூடி அஞ்சலி செலுத்த வழியில்லை. பிரதமர் நரேந்திர மோடி இரங்கல் தெரிவித்தார். பாரீஸிலும் பாஸ்டனிலும் மும்பையிலும் இருந்த கணித அறிஞர்கள் தங்கள் நினைவுகளை எழுத்தில் பகிர்ந்து கொண்டனர்.

அந்த நினைவுகளில் இரண்டு சேஷாத்ரிகள் தென்படுகின்றனர். ஒருவர், இருபதாம் நூற்றாண்டு வடிவகணிதத்தின் முக்கியத் தேற்றங்களுள் ஒன்றை நிரூபித்தவர். மற்றவர், ஐம்பத்தேழு வயதில் புதிய பணியைத் தொடங்கி, பள்ளிப் படிப்பை முடித்து வரும் பதினேழு வயது மாணவரையும் ஆய்வாளரையும் ஒரே கூரையின் கீழ் அமர வைத்தவர். முதலாமவரை உலகம் அறியும். உடன் பணியாற்றியவர்கள் நன்றியுடன் அதிகம் பேசுவது இரண்டாமவரைப் பற்றித்தான்.

நான்கு ஆண்டுக்கு ஒரு பிறந்தநாள்: காஞ்சீவரம் ஸ்ரீரங்காச்சாரி சேஷாத்ரி என்பது அவரது முழுப்பெயர். பெயரின் முதல் எழுத்திலேயே ஊர் இருக்கிறது. 1932-ம் ஆண்டு பிப்ரவரி 29-ம் தேதி காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கல்பட்டில் வளர்ந்தார். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அந்தத் தேதி, அவரது வாழ்நாளில் 22 முறை திரும்பி வந்தது. கடைசியாக வந்தது, அவர் மறைந்த அதே 2020-ம் ஆண்டில்.

சென்னை லயோலா கல்லூரியில் பட்டப்படிப்பு பயின்றபோது அவருக்கு வாய்த்த ஆசிரியர் சார்லஸ் ரேசின் என்ற பிரெஞ்சு பாதிரியார். 1937-ல் இந்தியா வந்த ரேசின், முதலில் திருச்சி புனித வளனார் கல்லூரியிலும் பின்னர் லயோலாவிலும் கணிதம் கற்பித்தார். அன்றைய சென்னை மாகாணக் கல்லூரிகளில் கேம்பிரிட்ஜ் தேர்வுகளையொட்டிய பழைய பாடத்திட்டமே நடைமுறையில் இருந்தது. அதற்கு அப்பால், பாரீஸில் அப்போது உருவாகிக் கொண்டிருந்த நவீன கணிதத்தை நுங்கம்பாக்கத்துக்குக் கொண்டு வந்தவர் ரேசின். யாரிடம் ஆராய்ச்சி மனம் இருக்கிறது என்பதைக் கண்டறிந்து, அவரைப் பம்பாய்க்கு அனுப்பி வைப்பது அவரது வழக்கம்.

அப்படி 1953-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தவர்களுள் இருவர் சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும். நரசிம்மன் அதே 1932-ம் ஆண்டு வட ஆர்க்காடு மாவட்டத்தில் பிறந்தவர். லயோலாவில் ரேசினிடம் பயின்றவர். டாடா நிறுவனத்தின் கணிதப் பள்ளியைக் கட்டியெழுப்பிய கே. சந்திரசேகரன், உலகின் சிறந்த கணித அறிஞர்களை மாதக்கணக்கில் பம்பாய்க்கு வரவழைத்தார். அவர்களது உரைகளைக் குறிப்பெடுத்து நூலாக்கும் பொறுப்பு இளம் மாணவர்களுக்கு அளிக்கப்பட்டது. கேட்டது புரிந்தால்தான் எழுத முடியும். அதுவே அவர்களுக்குப் பயிற்சியாக அமைந்தது.

1957-ல் இருவரும் பாரீஸ் சென்றனர். 1960 வரை அங்கே தங்கிப் பணியாற்றினர். பிரெஞ்சு கணித அறிஞர் ழான்-பியர் சேர் 1955-ல் எழுப்பியிருந்த ஒரு கேள்விக்கு, இரண்டு மாறிகள் மட்டும் வரும் நேர்வில் விடை கண்டு 1958-ல் வெளியிட்டார் சேஷாத்ரி. அந்தக் கேள்விக்கு முழுமையான விடை கிடைக்க 1976 வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது.

முறுக்கிய வளையமும் அம்பும்: நரசிம்மனும் சேஷாத்ரியும் இணைந்து நிரூபித்த தேற்றம் 1965-ல் வெளியானது. அதன் முழு நுட்பமும் வல்லுநர்களுக்கே உரியது என்றாலும், மையக் கருத்தை ஒரு காகிதப் பட்டையைக் கொண்டு விளக்கிவிடலாம்.

ஒரு பட்டையின் இரு முனைகளையும் நேராக ஒட்டினால் வளையல் கிடைக்கும். ஒரு முனையை ஒருமுறை திருப்பி ஒட்டினால் முறுக்கிய வளையம் கிடைக்கும். பட்டைக்குக் குறுக்காக ஓர் அம்பை வைத்து, வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவதாகக் கொள்வோம். வளையலில் அந்த அம்பு புறப்பட்டபடியே திரும்பி வரும். முறுக்கிய வளையத்திலோ எதிர்த்திசை நோக்கித் திரும்பிவிடும். ஆக, பட்டை எப்படி முறுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பட்டையைப் பார்க்காமலேயே, சுற்றி வந்த அம்புக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கொண்டே சொல்லிவிடலாம்.

இதையே பல துளைகள் கொண்ட பரப்புகளுக்கும், பல பரிமாணம் கொண்ட முறுக்குகளுக்கும் விரித்துச் சொன்னால் என்னவாகும்? இந்தத் திசையில் 1938-ல் முதலடி வைத்தவர் ஆந்த்ரே வெய். 1930 முதல் 1932 வரை அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிரெஞ்சு அறிஞர் அவர். இத்தகைய முறுக்குகளில் எவற்றை 'நிலையானவை' எனக் கொள்ள வேண்டும் என்று இயற்கணித வடிவியலின் பார்வையில் 1960-களின் தொடக்கத்தில் வரையறுத்தவர் டேவிட் மம்ஃபோர்டு. அந்த நிலையானவைதாம், சுற்றி வரும் அம்புகளின் கணக்கிலிருந்து பிறப்பவை என்று நிறுவினர் நரசிம்மனும் சேஷாத்ரியும். இயற்கணிதம் ஒரு மொழி. வெளியின் வடிவைப் பேசும் இடவியல் இன்னொரு மொழி. இரண்டுக்கும் இடையே அகராதி ஒன்றை அளித்தது அவர்களது தேற்றம்.

அந்த அகராதியின் பயன் போகப்போகப் பெருகியது. 1983-ல் சைமன் டொனால்ட்சன், இயற்பியலாளர்கள் பயன்படுத்தும் சமன்பாடுகளின் வழியே அதே தேற்றத்துக்குப் புதிய நிரூபணம் தந்தார். அதே ஆண்டு மைக்கேல் அத்தியாவும் ரவுல் பாட்டும் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்விலும் இத்தேற்றம் மையமான இடம் பெற்றது. பம்பாயில் இரு தமிழர்கள் எழுதிய கட்டுரை, துகள் இயற்பியலும் வடிவகணிதமும் சந்திக்கும் இடமாயிற்று.

மாணவருடன் சேர்ந்த பெயர்: சேஷாத்ரியின் அடுத்த பெரும்பணி, 'செந்நிலை ஒருறுப்புக் கோவைகள்' எனலாகும் கோட்பாடு. அதை அவர் தனியாகச் செய்யவில்லை. தம்மைவிட இளையவர்களான சி. முசிலி, வி. லக்ஷ்மிபாய் ஆகியோருடன் ஆண்டுக்கணக்கில் உழைத்து, தொடர் கட்டுரைகளாக வெளியிட்டார். முசிலி பின்னர் ஹைதராபாதிலும், லக்ஷ்மிபாய் அமெரிக்காவின் பாஸ்டனிலும் பேராசிரியர்கள் ஆயினர். அந்த ஆய்வை 1990-களில் முன்னெடுத்துச் சென்ற ஜெர்மானியர் பீட்டர் லிட்டல்மன் பயன்படுத்திய கருவிகளை இன்று உலகம் 'லக்ஷ்மிபாய்-சேஷாத்ரி பாதைகள்' என்று அழைக்கிறது. வழிகாட்டியின் பெயரும் வழி கேட்டு வந்தவரின் பெயரும் அதில் சமமாக நிற்கின்றன.

இந்தச் சமநிலையே அவரது இயல்பு என்கின்றனர் அவரோடு பழகியவர்கள். மாணவரிடம் தனக்குப் புரியாததைப் புரியவில்லை என்று சொல்லத் தயங்காதவர். ஒரே கணக்கை ஆண்டுக்கணக்கில் விடாமல் பேசிக் கொண்டிருக்கக் கூடியவர் என்பது அவரைப் பற்றிய சித்திரம். அவருடைய மாணவரும் பின்னர் சகாவுமான வி. பாலாஜியுடன் இணைந்து அவர் எழுதிய நீண்ட ஆய்வுக் கட்டுரை 2015-ல் வெளியானது. அப்போது சேஷாத்ரிக்கு 83 வயது. 1965-ம் ஆண்டுத் தேற்றத்தை மேலும் பரந்த களத்துக்குக் கொண்டு செல்வதே அதன் நோக்கம். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அதே கேள்வியின் முன் அவர் அமர்ந்திருந்தார்.

கணிதத்துக்கு அடுத்து அவரை ஆட்கொண்டது கர்நாடக இசை. தேர்ந்த பாடகரான அவர், நண்பர்கள் கூடும் இடங்களில் பாடுவதுண்டு. கணித மாநாடுகளுக்காக வந்த வெளிநாட்டவர் பலருக்கு நம் ராகங்கள் அறிமுகமானது அவர் குரலில்தான்.

பழைய விவாதம், புதிய விடை: சேஷாத்ரியின் இரண்டாவது வாழ்வைப் புரிந்து கொள்ள, விடுதலைக்குப் பிந்தைய தில்லியில் நடந்த ஒரு விவாதத்தை நினைவுகூர வேண்டும். ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகங்களில் வளர்ப்பதா, தனி நிறுவனங்களில் வளர்ப்பதா என்பதே அந்த விவாதம். ஹோமி பாபா 1945-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கி, பிரதமர் நேருவின் ஆதரவுடன் தனி நிறுவனங்களின் பாதையை வகுத்தார். இயற்பியல் அறிஞரும் முதல் மக்களவையின் உறுப்பினருமான மேகநாத் சாஹா, பல்கலைக்கழகங்களைப் புறக்கணித்துவிட்டு அறிவியலை வளர்க்க முடியாது என்று வாதிட்டார்.

பாபாவின் பாதையே வென்றது. அதனால் நாட்டுக்குக் கிடைத்த பெருமைக்குச் சேஷாத்ரியே சாட்சி. ஆனால், சாஹா எச்சரித்ததும் நடந்தது. தலைசிறந்த ஆய்வாளர்கள் இளநிலை மாணவர்களைச் சந்திக்காத நிறுவனங்களில் இருந்தனர். இளநிலை மாணவர்களோ ஆராய்ச்சியின் வாடை படாத கல்லூரிகளில் பயின்றனர். ரேசினைப் போன்ற ஓர் ஆசிரியர் தற்செயலாக வாய்த்தால்தான் ஒருவர் இக்கரையிலிருந்து அக்கரைக்குச் செல்ல முடியும் என்ற நிலை.

அந்தத் தற்செயலை நம்பியிராமல் ஓர் ஏற்பாடாக்க முடியுமா என்பதே சேஷாத்ரி எடுத்துக் கொண்ட கேள்வி. 1984-ல் பம்பாயை விட்டுச் சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்கு வந்தார். 1989-ல், தனியார் தொழில் நிறுவனமான 'ஸ்பிக்'கின் அறிவியல் அறக்கட்டளையின் கீழ் கணிதப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தியாகராய நகரில், சில அறைகளில், விரல் விட்டு எண்ணக்கூடிய ஆய்வாளர்களுடன் அது செயல்பட்டது. கணிதத்துடன் கணினி அறிவியலுக்கும் அங்கே தொடக்கத்திலிருந்தே சம இடம் தரப்பட்டது. பின்னர் அறக்கட்டளையிலிருந்து பிரிந்து தன்னாட்சி பெற்ற அந்த அமைப்பு, 1998-ல் சென்னைக் கணிதவியல் கழகம் (சி.எம்.ஐ.) என்று பெயர் பெற்றது.

பட்டம் தந்தது போபால்: அதே 1998-ல் இளநிலைப் பட்டப்படிப்பு தொடங்கியது. உலகறிந்த ஆய்வாளர்களே முதலாண்டு வகுப்பு எடுத்தனர். ஆனால், அந்தப் படிப்புக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் கழகத்துக்கு இல்லை. அது பல்கலைக்கழகமும் அல்ல. பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரியும் அல்ல. சென்னையில் பயின்ற மாணவர்களுக்குப் பட்டம் தர முன்வந்தது, மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்.

பொறியியல், மருத்துவம் என்று குடும்பங்கள் கனவு காணும் மாநிலத்தில், பெயரறியா நிறுவனத்தில் கணிதம் படித்து, போபாலிலிருந்து வரும் தொலைதூரப் பல்கலைக்கழகச் சான்றிதழைப் பெறுவது எளிய முடிவல்ல. அப்படியும் மாணவர்கள் வந்தனர். அவர்களுக்கு உறுதிமொழியாக இருந்தது சேஷாத்ரியின் பெயரும், கரும்பலகையின் முன் நின்ற ஆசிரியர்களின் தரமும்தான். அங்கு பயின்றவர்கள் உலகின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வுக்குத் தேர்வானபோது, சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கிறது என்ற கேள்வி மெல்ல மறைந்தது.

எட்டாண்டுக் காத்திருப்புக்குப் பின், பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3-வது பிரிவின் கீழ், 2006 டிசம்பரில் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்தை மத்திய அரசு வழங்கியது. அதே பத்தாண்டில் நிகர்நிலை அந்தஸ்து என்பது தமிழகத்தில் மருத்துவ, பொறியியல் இடங்களுடனும் கட்டணங்களுடனும் சேர்த்தே பேசப்பட்ட சொல்லாக இருந்தது. சென்னைக் கணிதவியல் கழகத்துக்கு அது தேவைப்பட்டது, தன்னிடம் படித்த மாணவருக்குத் தானே பட்டம் தருவதற்காக மட்டுமே. நன்கு பயிலும் மாணவர்களுக்குக் கட்டண விலக்கும் உதவித்தொகையும் தருவது அங்கே தொடக்க கால நடைமுறை.

பணத்துக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். அணுசக்தித் துறையின் மானியமும் தனியார் அறக்கட்டளைகளின் கொடையும் கழகத்தைத் தாங்கின. 2005-ல் சிறுசேரியில் உள்ள சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் சொந்த வளாகத்துக்குக் கழகம் குடிபெயர்ந்தது. தேற்றங்களில் மூழ்கியிருந்த ஒருவர், அறுபது வயதைக் கடந்த பிறகு நன்கொடையாளர்களின் கதவையும் அரசு அலுவலகங்களின் கதவையும் தட்டினார் என்பதைச் சகாக்கள் இன்றும் வியப்புடன் குறிப்பிடுகின்றனர். அந்த அலைச்சலின் சுமையை ஆய்வாளர்கள் மீது அவர் இறக்கி வைக்கவில்லை. யார் எதை ஆராய வேண்டும் என்று அவர் கட்டளையிட்டதில்லை என்பதும் அவர்களது நினைவு.

தில்லியும் அதே திசையில்: ஆராய்ச்சியையும் இளநிலைக் கல்வியையும் பிரிக்கக் கூடாது என்ற எண்ணம் பின்னர் மத்திய அரசின் கொள்கையாகவும் ஆனது. இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள் (ஐசர்) 2006-ல் புணேயிலும் கொல்கத்தாவிலும், 2007-ல் மொஹாலியிலும், 2008-ல் போபாலிலும் திருவனந்தபுரத்திலும் தொடங்கப்பட்டன. கடற்கரை நகரான திருவனந்தபுரத்தின் நிறுவனம் இன்று விதுரா மலையடிவாரத்தில் செயல்படுகிறது. பள்ளி முடித்த மாணவர் நேரே ஆய்வாளரிடம் வந்து சேரும் வழி அங்கெல்லாம் அரசுப் பணத்தில் திறக்கப்பட்டது. சென்னையில் சில அறைகளில் அந்தச் சோதனை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நடந்து கொண்டிருந்தது.

எனினும் சாஹாவின் கேள்வி முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. ஐசரும் சென்னைக் கணிதவியல் கழகமும் சேர்த்துக் கொள்ளும் மாணவர் எண்ணிக்கை சிறியது. நாட்டின் பெரும்பாலான இளநிலை மாணவர்கள் மாநிலப் பல்கலைக்கழகங்களின் இணைப்புக் கல்லூரிகளிலேயே பயில்கின்றனர். செங்கல்பட்டு போன்ற ஊரிலிருந்து வரும் ஒரு மாணவருக்கு இன்று வழி இருக்கிறது. ஆனால், அந்த வழி இருப்பதை அவருக்கு யார் சொல்வது என்பது, ரேசினின் காலத்தைப் போலவே, பெரிதும் அவருக்கு வாய்க்கும் ஆசிரியரைப் பொறுத்தே அமைகிறது.

விருதுகள் அவரைத் தேடி வந்தன. 1972-ல் பட்நாகர் விருது, 1988-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதி, 2009-ல் பத்மபூஷண், 2010-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் அயல்நாட்டு உறுப்பினர் தகுதி ஆகியவை அவற்றுள் சில. 2010-ல் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினார். தேர்தல் கணிப்புகளின் வழியே அரசியல் வாசகர்களுக்கு அறிமுகமான நிகழ்தகவியல் அறிஞர் ராஜீவ கரந்திகர் அடுத்து அப்பொறுப்பை ஏற்றார். 2021-ல் கணினியியலாளர் மாதவன் முகுந்த் இயக்குநரானார். பொறுப்பு கைமாறிய பின்னரும் சேஷாத்ரி கழகத்தின் மதிப்புறு இயக்குநராக ஆய்வைத் தொடர்ந்தார்.

அவர் மறைந்து பத்து மாதங்களில், 2021 மே 15-ம் தேதி, பெங்களூரில் நரசிம்மனும் காலமானார். லயோலாவில் தொடங்கி, பம்பாய், பாரீஸ் என்று சேர்ந்து நடந்த இருவரின் பயணம் ஏறத்தாழ ஒன்றாகவே முடிந்தது.

நுங்கம்பாக்கம் வகுப்பறைக்குப் பாரீஸின் கணிதத்தை ஒரு பாதிரியார் கொண்டு வந்த கதைக்கு இன்னொரு பாதியும் உண்டு. பாரீஸின் புகழ்பெற்ற எக்கோல் நோர்மால் உயர்கல்வி நிறுவனத்துடன் சென்னைக் கணிதவியல் கழகம் செய்து கொண்ட உடன்பாட்டின்படி, இங்குள்ள இளநிலை மாணவர்கள் சிலர் அங்கு சென்று பயின்றனர். அங்கிருந்து இளம் ஆய்வாளர்கள் சிறுசேரி வந்து பாடம் நடத்தினர்.

சேஷாத்ரியின் பெயரில் ஒரு தேற்றம் இருக்கிறது. இயற்கணித வடிவியலில் ஒரு மாறிலி இருக்கிறது. மாணவியின் பெயருடன் இணைந்த பாதைகள் இருக்கின்றன. இருபத்தோரு ஆண்டுகள் தலைமையேற்று வளர்த்த நிறுவனத்துக்கு மட்டும் அவர் தம் பெயரைச் சூட்டவில்லை. அதன் பெயரில் இருப்பது ஊரும் பாடமும் மட்டுமே.